பிரித்துக் கொடுத்த முகங்கள்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. பொழுது விடிவதற்குள் வெளியூர் வியாபாரிகள் வேனோடு வந்து நின்றுவிடுவார்கள். ஜவ்வாது மலையிலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் அதற்கும் முன்னால் வந்திருப்பார்கள். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மேலே மூன்று ஊராட்சிகள். அவற்றின் குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பல ஊருக்கு வண்டி போகிற தடம் வந்ததே அண்மையில்தான். ஆடு விற்ற காசு மடிக்கு வந்ததும் உப்பு, மிளகாய், எண்ணெய், பிள்ளைக்குச் சட்டை என்று வாங்கி மூட்டை கட்டி, இருட்டுவதற்குள் மலையேறிவிட வேண்டும்.

என் தொழில் இந்த அவசரத்தை நம்பித்தான் நடந்தது. மலைக்காரருக்குப் போட்டோ எடுத்தால் அன்றைக்கே கையில் கொடுத்தாக வேண்டும். “அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்க” என்று சொல்லலாம். ஆனால் அடுத்த வாரம் அவர் இறங்க மாட்டார். விற்க ஆடு இருந்தால்தானே இறங்குவார்?

ரோல் பிலிம் காலத்தில் இது பெரிய இடைஞ்சல். ஒரு ரோலில் 36 படம். ரோல் முடிந்தால்தான் வேலூர் லேபுக்குக் கழுவ அனுப்புவோம். கல்யாண மாதமாக இருந்தால் இரண்டு நாளில் முடியும். ஆடியிலோ மார்கழியிலோ மாட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். அதற்குள் விண்ணப்பத்தின் கெடு தாண்டிவிடும். ரேஷன் அட்டை, பழங்குடியினர் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பேங்க் பாஸ்புக், பின்னாளில் நூறு நாள் வேலை அட்டை என்று எல்லாவற்றுக்கும் படம் கேட்டார்கள். 1993ல் டி.என்.சேஷன் கொண்டுவந்த வாக்காளர் அட்டைக்கு மட்டும்தான் அரசாங்கமே ஆள் வைத்துப் படமெடுத்தது. அந்தப் படத்தில் யாருக்காவது சொந்த முகம் இருந்ததா என்பது வேறு பஞ்சாயத்து.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் திருவிழாக்களில் பெட்டிக் கேமரா வைத்திருந்தவர். மூன்று கால் மரத் தாங்கியில் ஒரு மரப்பெட்டி, முன்னால் லென்ஸ், பின்னால் கை நுழைக்கக் கறுப்புத் துணியில் ஒரு சட்டைக்கை. இருட்டறை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. உள்ளே இரண்டு தட்டு, ஒன்றில் டெவலப்பர், ஒன்றில் ஹைப்போ. படமெடுப்பதும் காகிதத்தில்தான். அந்தக் காகித நெகட்டிவை லென்ஸுக்கு எதிரே ஒரு பலகையில் குத்தி, அதையே மறுபடி படமெடுத்தால் நேர்ப்படம் வந்துவிடும். பத்து நிமிடத்தில் ஈரத்தோடு கையில் கொடுப்பார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ காகிதம் அவருக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் திருவிழா முழுவதையும் ஓட்டியாக வேண்டும் என்பதால் ஹைப்போ போகும்வரை யாரும் கழுவ மாட்டார்கள். அப்படி மிஞ்சிய ஹைப்போ வெள்ளியை மெல்ல அரிக்கும். நாலைந்து வருடத்தில் படம் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்து ஓரத்திலிருந்து கரைய ஆரம்பிக்கும். அவரிடம் கேட்டால், “திருவிழா முடியறவரைக்கும் இருந்தா போதும்டா” என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்றைக்கு எனக்கு அதில் விளையாட்டு தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான்கு கண் போலராய்டு கேமரா ஒன்றைச் சென்னையில் பழையதாக வாங்கினேன். பாஸ்போர்ட் படத்துக்கென்றே செய்த கேமரா அது. ஒரு தடவை அழுத்தினால் ஒரே தாளில் நான்கு முகம் விழும். ஒரு பாக்கெட்டில் பத்துத் தாள். ஒரு தாளின் விலை ஒரு ஆள் கூலியைக் கடிக்கும் என்பதால், ஆளைச் சரியாக உட்காரவைத்து, கண் சிமிட்டுகிறாரா என்று பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டியிருந்தது.

அழுத்திய பிறகு வரும் வேலைதான் முக்கியம். கேமராவின் பக்கவாட்டில் முதலில் ஒரு வெள்ளைக் காகித நாக்கு எட்டிப் பார்க்கும். அதை இழுத்தால், உள்ளேயிருந்து பெரிய நாக்கு ஒன்று வெளியே வரும். அதைப் பிடித்து ஒரே சீராக, நேராக இழுக்க வேண்டும். தயங்கினால் படத்தின் குறுக்கே கோடு விழும். கோணலாக இழுத்தால் ஒரு மூலை வெளுத்துப்போகும். உள்ளே இரண்டு எஃகு உருளைகள் இருக்கின்றன. இழுக்கும்போது நெகட்டிவும் படத்தாளும் ஒன்றாகச் சேர்ந்து உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும். நசுங்கும்போது தாளின் விளிம்பிலிருக்கும் சின்னப் பொட்டலம் உடைந்து, அதிலுள்ள காரப் பசை இரண்டுக்கும் நடுவே மெழுகியதுபோலப் பரவும். உருளையில் முந்தைய பசை ஒரு கடுகளவு காய்ந்திருந்தால் போதும், நான்கு முகத்திலும் ஒரே இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி விழும். அதனால் ஒவ்வொரு பாக்கெட் மாற்றும்போதும் ஈரத்துணியால் உருளையைத் துடைப்பேன். பசை விரலில் பட்டால் தோல் எரியும். என் வலது கைப் பெருவிரல் நுனி இன்றைக்கும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது.

பிறகு காத்திருப்பு. நல்ல வெயில் காலத்தில் ஒரு நிமிடம். மார்கழி தையில் மலைக்காற்று கீழே இறங்கும் காலையில் ஒரு நிமிடம் போதாது. படம் கலங்கலாக, நீலம் பூத்து வரும். அதற்கென்று மடக்கு அலுமினியத் தகடு ஒன்று இருந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடுபண்ணி, தாளை நடுவில் செருகி, அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. போட்டோக்காரன் அடைகாக்கிறான் என்று சிரிப்பார்கள்.

நேரம் ஆனதும் ஒரு மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். இந்தக் கையில் நான்கு முகம், அந்தக் கையில் பசை வழியும் நெகட்டிவ். முகம் இருக்கும் தாளைக் காயவைத்து வெட்டிக் கொடுப்பேன். நெகட்டிவ் மண்ணெண்ணெய் டின்னுக்குள் போகும். அதை மறுபடி பிரிண்ட் போட முடியாது, குப்பைதான். ஒருமுறை பாலாம்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, “அதுலயும் நான்தானே கீறேன்? அதையும் குடு” என்றார். மருந்து கையை அரிக்கும் தாத்தா என்றேன். காயட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை இருந்து, அந்தக் கறுத்த தாளைச் செய்தித்தாளில் மடித்துத் துண்டில் முடிந்துகொண்டுதான் கிளம்பினார். தன் முகத்தை அடுத்தவன் குப்பையில் விட்டுப் போக மனசில்லை. அந்த நியாயம் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் நெகட்டிவையும் காயவைத்துக் கொடுத்தேன்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர். 1943ல் குடும்பத்தோடு சாண்டா ஃபே போயிருந்தபோது அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று கேட்டாளாம். 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய கூட்டத்தில் தன்னையே படமெடுத்து உரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு நவம்பர் 26 அன்று பாஸ்டன் கடையொன்றில் விற்பனைக்கு வைத்த கேமராக்கள் அன்றைக்கே தீர்ந்துபோயின. உரிக்கத் தேவையில்லாமல் கண்ணெதிரே படம் பூத்துவரும் எஸ்எக்ஸ்-70 வந்தது 1972ல். பணக்காரர்களின் விடுமுறைக் கொண்டாட்டத்துக்குப் பிறந்த பொருள், ஒடுகத்தூர் சந்தையில் சாதிச் சான்றிதழுக்கு உழைத்தது.

நான்கு முகத்தில் விண்ணப்பத்துக்கு இரண்டு போகும். சில சமயம் மூன்று. மிச்சம் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மலை மேல் நான் போன பல வீடுகளில் குடும்பப் படம் என்று இருந்தது இந்த மிச்சம்தான். ஆல்பம் கிடையாது. தகரப் பெட்டியில் ரேஷன் அட்டைக்குள் செருகியிருக்கும், இல்லையென்றால் மண்சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கும். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. அப்பன் முகம் முதியோர் பணத்துக்கு எடுத்தது. அம்மா முகம் பேங்குக்கு எடுத்தது. பெண்ணின் முகம் ஹாஸ்டலில் சேர எடுத்தது. வேறு வேறு வருடத்தில், வேறு வேறு ஆபீசுக்காகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு முறைத்துப் பார்த்த முகங்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆபீசர் பார்க்கப்போகிற படத்தில் யார் சிரிப்பார்? அந்த வீட்டுப் பிள்ளைகள் தாத்தாவை நினைக்கும்போது இந்த முறைப்புதான் நினைவுக்கு வருகிறது. தாத்தா ஊரிலேயே பெரிய கேலிக்காரர் என்பது படத்தில் இல்லை.

இது கொஞ்சம் தெரிந்த பிறகு, தாளில் ஒன்றாவது பாக்கி இருக்கிற நாட்களில் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அதற்கு மடக்குக் கேமரா ஒன்று வைத்திருந்தேன். விண்ணப்பத்துக்கு இல்லாத படம். அதற்கு எப்படி நிற்பது என்று முதலில் பலருக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் கையைத் தொடையில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொள்ளச் சொன்னால் உடம்பு தளர்ந்துவிடும். உத்தரக் காவிரி ஆற்றில் ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தின்போது இதையே வியாபாரமாகவும் செய்தேன். லாபம் பெரிதாக இல்லை.

காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற போட்டோக்காரர்களுக்கு அது கிடைப்பதில்லை. டிஜிட்டல்காரன் உடனே திரையைக் காட்டிவிடுகிறான். ரோல்காரன் அனுப்பிவிடுகிறான். எனக்கு மட்டும்தான், படமெடுத்தாகிவிட்டது, படம் இன்னும் வரவில்லை என்கிற இடைவெளியில் அந்தக் குடும்பத்தோடு நிற்கும் பேறு. அப்போது பேசுகிற பேச்சு தனி. “இன்னாபா, இன்னும் மூஞ்சி வரலியே?” என்று சின்னவன் கேட்பான். மருமகள் கண்ணை மூடிவிட்டதாக மாமியார் அடித்துச் சொல்வார். இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது யார் கல்யாணத்துக்கு என்று பேச்சு போகும். செத்துப்போன அண்ணனும் இப்படித்தான் காது விடைக்க நிற்பான் என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் ஒரு கணம் நின்றவனின் காதைப் பார்ப்பார்கள். தாளுக்குள் ரசாயனம் வேலை செய்துகொண்டிருக்கும்போது வெளியே இவர்கள் அன்றைய நாளை வாயால் சொல்லி முடித்துவிடுவார்கள். பின்னால் படம் போனாலும், அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு நாள் மறப்பதில்லை. நான் கவனித்த மட்டில் இதுதான் உண்மை. படத்தைப் பற்றிக் கேட்டால், படத்தில் இருப்பதைவிட அந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்பதைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

படம் போய்விடும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒரே அறை வீட்டில் விறகடுப்பு. வருடம் பூராவும் புகை. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். கரையான் காகிதத்தின் முதுகிலிருந்து தின்னும். எல்லாம் தப்பித்தாலும் சாயம் தானாகவே வெளுக்கும். கலர் படம் என்பது நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயத்தின் கூட்டு. மூன்றும் ஒரே வேகத்தில் போவதில்லை. எது முதலில் போகிறதோ அதை வைத்துப் படத்தின் நிறம் ஒரு பக்கம் சாயும். உரித்தெடுத்த படங்களில் மேற்கொண்டு மஞ்சளும் ஏறும்.

இதில் ஒரு வழக்கு என் கடைக்கே வந்தது. அக்கா தங்கை இருவர். அக்கா ஜார்தான்கொல்லைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், தங்கை கீழே ஒடுகத்தூருக்கு அருகில். அக்கா மகளின் காதுகுத்துக்கு நான் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். படம் மங்கியிருந்தது, கம்ப்யூட்டரில் நிறம் ஏற்ற வேண்டும். அன்றைக்கு அக்கா கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்று கேட்டேன். “மஞ்சளும் காவியுமா ஒரு சேலை, எங்கம்மா எடுத்துக் குடுத்தது” என்றார் அக்கா. கடையில் எடுத்தது முதல் மடித்து வைத்தது வரை விவரமாகச் சொன்னார். “இல்லக்கா, கிளிப்பச்சை” என்றார் தங்கை. பேச்சு முற்றியது. அடுத்த சந்தைக்கு அக்கா அந்தச் சேலையையே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கிளிப்பச்சை.

பச்சையிலிருந்து நீலப்பச்சைச் சாயம் போய்விட்டால் மிஞ்சுவது மஞ்சள்தான். படத்தைச் சுவரில் வைத்துத் தினமும் பார்த்த அக்காவுக்குச் சேலையும் படத்தோடு சேர்ந்தே நிறம் மாறியிருந்தது. படம் இல்லாத தங்கைக்கு மாறவில்லை.

வேலூரில் படித்த என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 2002ல் நியூசிலாந்தில் கிம்பர்லி வேட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. 20 பேரின் சிறுவயதுப் படங்களை வீட்டாரிடமிருந்து வாங்கி, ஒவ்வொருவரும் சூடான காற்று பலூனில் பறந்ததுபோல ஒரு பொய்ப் படம் தயாரித்தார்கள். உண்மைப் படங்களோடு அதையும் கலந்து காட்டி, சில நாள் இடைவெளியில் மூன்று தடவை பேட்டி எடுத்தார்கள். நடக்காத அந்தப் பயணத்தைப் பாதிப் பேர் நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஒரு படம் இல்லாததைக் கொண்டுவந்து நட்டுவிடும் என்றால், இருப்பதன் நிறத்தை மாற்றுவது அதற்கு எம்மாத்திரம்? நினைவைக் காப்பாற்றப் படமெடுக்கிறோம் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் போர்டில் எழுதிவைக்கிறோம். பாதி உண்மை அது. படம் நினைவின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. தான் வெளுக்கும்போது அதையும் சேர்த்து வெளுக்கிறது.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1988 பிப்ரவரி 17 அன்று, அங்கேயுள்ள 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து ஆர்.ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அது இன்று 4130 ராமானுஜன். நகராத விண்மீன்களுக்கு நடுவே அந்தப் புள்ளி மட்டும் இடம் மாறியிருந்ததால் அகப்பட்டது. அவர்கள் வெள்ளி உப்பு பூசிய படச்சுருளையும் தகட்டையும் நம்பினார்கள், நாங்களும் வெள்ளி உப்பைத்தான் நம்பினோம். அவர்களுடைய படத்துக்குத் தேதி, நிமிடம், திசை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மலையின் இந்தப் பக்கம் வாழ்ந்த மனிதர்களின் முகத்துக்கு அப்படி ஒரு குறிப்பு எவரும் எழுதவில்லை.

மலைக்காரர்களை யாரும் படமெடுக்காமல் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இந்த மலைக்காரர்களான மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தத் தொகுதிகளில் தென்னிந்திய மக்களின் படங்கள் ஏராளம். இன்றைக்கும் பைக்கில் வருகிறவர்கள் எடுக்கிறார்கள். நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழியில் நின்று, சாமை தூற்றும் கிழவியை எடுக்கிறார்கள். அந்தப் படங்களில் ஒன்றாவது அந்தக் கிழவியின் வீட்டுக்கு வந்ததா? எடுத்தவனோடு போய்விடுகிறது. போலராய்டில் அது முடியாது. ஒரே ஒரு பிரதி. நான் கொடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் கிடையாது. முப்பது வருடத்துக்குமேல் படமெடுத்த என்னிடம் மலைக்காரர் முகம் ஒன்றுகூட இல்லை என்றால் சிலர் நம்ப மறுக்கிறார்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஜோயே ஹெட்லி என்பவரும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கினார்கள். பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது. நல்ல காரியம். எனக்குத் தெரிந்த பல ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்பதால் இன்னும் நல்ல காரியம். அப்படி யாராவது என் கடைக்கு வந்தால் காட்ட என்னிடம் பசை காய்ந்த இரண்டு கேமராவைத் தவிர ஒன்றுமில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. எடுத்த முகங்கள் எல்லாம் உரியவர் கைக்குப் போயின.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் கடைசியாக என்னிடம் வருவார்கள். கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், கேரளம், ஆந்திரம். போனால் பல மாதம். தனக்கென்று எடுக்காமல், விட்டுப்போகும் பெண்டாட்டி பிள்ளைக்காக எடுப்பார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுத் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு பையோடு வந்து நிற்கும் ஆளை உட்காரவைத்து அழுத்தும்போது என் கை முன்புபோல இல்லை. இன்னொரு படம் எடுத்துக்கலாமா தம்பி என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டாவதற்குக் காசு வாங்க மாட்டேன்.

தாள் வருவதும் நின்றுபோனது. போலராய்டு கம்பெனி 2008 பிப்ரவரியில் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபியூஜி தயாரித்த எஃப்பி-100சி என்ற தாள் அதே கேமராவில் பொருந்தும் என்பதால் இன்னும் சில வருடம் ஓட்டினேன். 2016ல் அதற்கும் மங்களம் பாடிவிட்டார்கள். நெதர்லாந்தில் என்ஸ்கெடே நகரத்துப் பழைய போலராய்டு ஆலையைச் சிலர் எடுத்து 2010லிருந்து மறுபடி பிலிம் செய்கிறார்கள், இப்போது அதே போலராய்டு பெயரில். அந்த விலை நம் சந்தைக்கு ஆகாது. அதனால் இன்ஸ்டாக்ஸுக்கு மாறினேன். ஃபியூஜி 1998ல் கொண்டுவந்தது. அட்டை மொத்தமே 86க்கு 54 மில்லிமீட்டர், படம் 62க்கு 46. உரிக்க வேண்டாம், கேமராவின் தலையிலிருந்து வெள்ளையாக வரும். முதலில் கறுப்பு எழும். முடி, மீசை, கண். நிறம் கடைசியில்தான் நிற்கும். பொடியன்கள் விசிறிபோல ஆட்டுவார்கள். ஆட்டுவதால் சீக்கிரம் வராது. மேல்நாட்டில் ஒரு பாட்டு பிரபலமாகி எல்லோரும் ஆட்டத் தொடங்கியபோது, ஆட்டாதீர்கள் என்று போலராய்டு கம்பெனியே 2004ல் சொல்ல வேண்டியிருந்தது. குளிரில் சட்டைப்பையில் வைத்தால் போதும். அடைகாக்கும் வேலை மட்டும் என்னை விடவில்லை.

இன்றைக்குக் கீழே கல்யாண மண்டபங்களில் இன்ஸ்டாக்ஸ் ஒரு பகட்டு. மாப்பிள்ளை வீட்டார் காகிதப் பூச்சட்டம் பிடித்துக்கொண்டு எடுக்கிறார்கள், மேஜையிலேயே விட்டுவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள். போனில் அதே படம் நாற்பது இருக்கிறதே. மலையிலும் போன் வந்துவிட்டது, ஆட்டு வியாபாரமே அதில் பேசித்தான் நடக்கிறது. போன் விழுந்து உடைந்தால், தண்ணீரில் போனால், பழைய போனைக் கடைக்காரனிடம் மாற்றினால், அதோடு பிள்ளையின் தவழும் வயசு மொத்தமும் போய்விடுகிறது. புகை வெளுக்க வைக்கப் பத்து வருடம் எடுத்துக்கொண்டது. இதற்கு ஒரு மத்தியானம் போதும். உடைந்த போனோடு என் கடைக்கு வந்து, “இதுலேர்ந்து எடுக்க முடியுமாண்ணா?” என்று கேட்கும் பெண்களுக்குப் பதில் சொல்வதுதான் இப்போது எனக்குக் கஷ்டமான வேலை.

படம் நிரந்தரம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் கொஞ்ச நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வழி உண்டு. அடுப்புச் சுவரில் ஒட்டாதீர்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். இன்ஸ்டாக்ஸையும் போலராய்டையும் சூட்டு லேமினேஷன் போட ஒருநாளும் கொடுக்காதீர்கள், உள்ளே பசையும் சாயமும் இருக்கும் படம் சூட்டில் கெட்டுவிடும். சாதாரண பிரிண்ட் என்றால் பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். இன்ஸ்டாக்ஸின் முதுகு கறுப்பு, அதனால் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் அழியாத மை பேனாவால் எழுதலாம். கட்டியிருந்த சேலையின் நிறத்தையும் எழுதிவைத்தால் தப்பில்லை.

மலைக்குப் பைக்கில் வருகிறவர்களுக்கு ஒன்று. மேலே யாரையாவது படமெடுத்தால் ஊர் பேரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஒடுகத்தூரிலோ ஆலங்காயத்திலோ ஜமுனாமரத்தூரிலோ ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் ஒரு பிரிண்ட் போட்டுவிட்டுப் போங்கள், டீச் செலவுதான் ஆகும். என் கடையில் விட்டால், வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும் அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவேன்.